பூப்போட்ட டூல்ஸ் பெட்டி

— பெட்டி எங்கங்க?

— இன்னும் செருப்பக்கூட கழட்டல... மொதல்ல உள்ள விடு.

— செருப்பக் கழட்டிக்கிட்டே சொல்லலாம். டூல்ஸ் பெட்டி எங்க?

— சைட்ல இருக்கு.

— நேத்தும் சைட்லதான் இருந்துச்சு. முந்தாநேத்து மோட்டார் ரூம்ல இருந்துச்சு. அதுக்கு முன்னாடி கம்பெனி வேன்ல. பெட்டிக்குக் கால் முளைச்சிடுச்சா?

— வேலைன்னா அப்படித்தான். இன்னைக்கு ஒரு கட்டடம், நாளைக்கு ஒரு கட்டடம். லிஃப்ட் மெக்கானிக் பொண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா?

— தெரியும். லிஃப்ட் மெக்கானிக் பொண்டாட்டிக்கு நாளைக்குக் காலைல கண்காட்சின்னு ஒண்ணு இருக்கே... அது லிஃப்ட் மெக்கானிக்குத் தெரியுமா?

— தெரியாம? ஒரு மாசமா இந்த வீட்ல வேற என்ன பேச்சு? உங்க பெயிண்டிங் க்ளப்பு, உங்க ட்ரே, உங்க வாளி... வீட்டு சாமான்ல பூ போடறதுக்கு ஒரு சங்கம், அதுக்கு ஒரு தலைவி, அதுக்கு லைப்ரரி ஹால்ல ஒரு கண்காட்சி...

— இவ்ளோ தெரிஞ்சும் வெறுங்கைய வீசிக்கிட்டு வந்து நிக்கறீங்க.

— கொண்டு வர்றேன்டி. தண்ணி குடு... ஆமா, அது என்ன உன் நகத்துல? நகக்கண்ணு பூரா அழுக்கு. உன் கையப் பாத்தா நீதான் மெக்கானிக்னு சொல்வாங்க.

— அப்ப உங்க கையப் பாத்தா? காட்டுங்க... நல்லா காட்டுங்க. ஒரு பொட்டு கிரீஸ் இல்ல. பேங்க் மேனேஜர் கை மாதிரி இருக்கு.

— இப்ப கிளவுஸ் குடுத்திருக்காங்க. புது ரூல்.

— இத்தன வருஷமா குடுக்காத கிளவுஸ்.

— கம்பெனி முன்னேறுதுல்ல.

— முன்னேறட்டும். பேச்ச மாத்தாதீங்க. பெட்டி.

— ஏன், உங்க க்ளப்புல வேற பொருளே கிடையாதா? பேக்கரி அக்காவோட ட்ரேய வைங்களேன்.

— அவங்க ட்ரேயா? வார்னிஷ் காயறதுக்குள்ள பேப்பர்ல சுத்திக் கொண்டு வந்துட்டாங்க. பேப்பர் அப்படியே பிடிச்சுக்கிச்சு. ரோஜாப்பூ நடுவுல 'வீடு வாடகைக்கு'ன்னு விளம்பரம் ஒட்டிக்கிட்டு நிக்குது.

— ஹா... அப்ப அதையே வைங்க. ட்ரேயும் போகும், வீடும் போகும்.

— சிரிக்காதீங்க. எனக்கு வர்ற ஆத்திரத்துல சிரிப்பு வரல.

— சரி... டெய்லரம்மாவோட கெட்டில்?

— அதுக்குத்தான் போன வாரம் பூரா சண்டை. அவங்க சொந்தமா வரைஞ்ச டிசைன போஸ்ட் ஆபீஸ் அக்கா டிரேஸ் எடுத்துத் தன் வாளியில போட்டுட்டாங்களாம். ரெண்டு பேரும் முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்து பெயிண்ட் அடிக்கறாங்க. தலைவி பல் டாக்டரம்மா நடுவுல புகுந்து, கெட்டிலுக்கு ஒரு மூலை, வாளிக்கு ஒரு மூலைன்னு பிரிச்சு விட்டாங்க. இப்ப நடு மேஜை காலியா இருக்கு. அது யாருக்குன்னு தெரியுமா?

— தலைவிக்கு. வேற யாருக்கு?

— அவங்களுக்கு இல்ல. பெட்டிக்கு! எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு சொன்னாங்க. நாம போடற மத்ததெல்லாம் அலமாரியில உக்காந்து தூசி வாங்கறது, நிஜமா வேலைக்குப் போற சாமான் இது ஒண்ணுதான்னு. அட்டைகூட எழுதியாச்சு.

— என்னன்னு?

— 'தினமும் வேலைக்குப் போகும் பெட்டி'ன்னு. என்ன, முகம் இப்படிப் போகுது?

— ஒண்ணுமில்ல. வெயில்ல வந்தது.

— நான் இந்த க்ளப்புல சேந்து இத்தன வருஷத்துல என்னோடத யாராவது நடுவுல வச்சிருக்காங்களா? போன தடவை என் சாவிப் பலகைய கதவுக்குப் பின்னாடி மாட்டினாங்க. கதவத் திறந்தா அது மறைஞ்சிடும். கதவ மூடினா ஹால்ல ஆளே இருக்காது.

— நல்லாத்தானே இருந்துச்சு அந்தப் பலகை.

— நல்லா இருக்குன்னு நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க. கதவுக்குப் பின்னாடி நின்னு.

— அதுக்குன்னு இவ்ளோ கோவமா? காலைல மொதல் வேலையாப் போய் எடுத்துட்டு வந்துடறேன், போதுமா?

— காலைல எதுக்கு? இப்பவே போகலாம். நானும் வர்றேன்.

— பூட்டியிருப்பாங்க.

— சாவி?

— சூப்பர்வைசர்கிட்ட.

— அப்ப அவருக்கே போன் போடறேன். நம்பர் என்கிட்ட இருக்கு.

— வேணாம்! ...அவர் லீவு. மாமியாருக்கு உடம்பு சரியில்ல.

— போன வருஷம் போய்ச் சேந்தாங்களே, அந்த மாமியாருக்கா?

— ...இவங்க வேற.

— வேற மாமியாரா? அவருக்கு எத்தனை பொண்டாட்டி?

— பொண்டாட்டியோட பெரியம்மாடி! மாமியார் முறை வராதா? இப்ப அவங்க வம்சாவளி உனக்கு எதுக்கு?

— எனக்கு எவன் வம்சாவளியும் வேணாம். பெட்டி வேணும். பொய் சொல்றதுன்னு ஆரம்பிச்சா கொஞ்சம் யோசிச்சு சொல்லணும்.

— யாரு பொய் சொல்றது?

— நான்தான். இருங்க, போன் அடிக்குது... ஆங், சொல்லுங்க டாக்டரம்மா... வந்துட்டார், இப்பதான் வந்தார்... பெட்டியா? இருக்கு, இருக்கு... காலைல கொண்டு வந்துடறேன்... ஆமா, நடுவுலதான்... சரிங்க.

— ஏன் அப்படிச் சொன்ன?

— வேற என்ன சொல்லணும்? எங்க வீட்டுக்காரர் நாலு நாளா கதை விட்டுக்கிட்டிருக்கார்னா?

— கொண்டு வந்துடறேன்னு எந்த நம்பிக்கையில சொன்ன?

— உங்க நம்பிக்கையில.

— ...இந்தத் தடவை விட்டுடேன். அடுத்த வருஷத்துக்குப் புதுசா ஏதாவது ஒண்ணு போடு. நானே ஒரு நல்ல பெட்டியா வாங்கித் தர்றேன்.

— அடுத்த வருஷத்துக்குத்தான் எல்லாரும் பழைய இரும்புக் கடைக்கே போயிட்டு வந்தாச்சே. ஆளுக்கு ஒரு சாமான் தேடி எடுக்கணும்னு. டெய்லரம்மா ஒரு மண்ணெண்ணெய் விளக்கு எடுத்தாங்க...

— எந்தக் கடை?

— எந்தக் கடையா இருந்தா உங்களுக்கென்ன?

— சும்மா கேட்டேன்.

— சும்மா கேக்கறவர் எதுக்குத் தண்ணிய சட்டையில ஊத்திக்கறீங்க?

— டம்ளர் வழுக்கிடுச்சு... நீ என்ன எடுத்த?

— எனக்கு ஒண்ணும் அமையல. அதெல்லாம் இருக்கட்டும். என் பூ எங்க?

— பூவாம் பூ! நான் கேட்டேனா உன்ன? கருப்பா, துருப்பிடிச்சு, லட்சணமா இருந்த பெட்டி. நான் வெளியூர் வேலைக்குப் போன நேரமாப் பாத்து நீலக் கலர் அடிச்சு, சுத்தி ரோஜாவும் இலையும் போட்டு, மூடியில குருவி வேற. அத தூக்கிட்டுப் போன அன்னைக்கு சைட்டே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. பூக்காரர் வந்துட்டாரு, வழி விடுங்கன்னானுங்க!

— அவ்ளோ அசிங்கமா இருந்துச்சுன்னா ஏன் சுரண்டல? உப்புத்தாள் வீட்லதானே கிடந்துச்சு?

— ...நேரமில்ல.

— நேரமில்ல. லிஃப்ட் கதவுல இடிச்சு ஒரு இதழ் உரிஞ்சதுக்கு சாப்பிடாம உக்காந்திருந்தது யாரு? இத இப்பவே சரி பண்ணுன்னு பிரஷ்ஷ எடுத்து என் கையில திணிச்சது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?

— அரைகுறையா இருந்தா பாக்க நல்லாயிருக்காதேன்னு...

— இனிமே உரியக் கூடாதுன்னு மூணு கை வார்னிஷ் அடிக்க வச்சதும் நீங்கதான்.

— அதான் தப்பாப் போச்சு! சனியன், எங்க வச்சாலும் பளபளன்னு மின்னுது. தெருவுல போறவன் வர்றவனுக்கெல்லாம் தெரியுது. 'பூப்போட்ட பெட்டி அண்ணன்', 'பெயிண்டிங் அக்கா வீட்டுக்காரர்'... ஒரு மனுஷன் நிம்மதியா ஒரு பார்க்குல உக்காரக்கூட...

— பார்க்கா? பார்க்குல என்ன லிஃப்ட் ஓடுது?

— மத்தியானம்... சாப்பிடப் போவேன். நிழலா இருக்கும்.

— சாப்பிட எதுக்கு டூல்ஸ் பெட்டியத் தூக்கிட்டுப் போகணும்?

— நீ என்ன போலீஸா?

— ஆமா, போலீஸ்தான். சொல்லுங்க.

— வேலை...

— ம்.

— வேலை... அதிகம். தலை சுத்துது. என்ன கொஞ்ச நேரம் விடு.

— விட முடியாது! உங்களுக்குத் தினம் காலைல சாப்பாடு கட்டறேன். சாயங்காலம் டப்பாவக் கழுவறேன். ராத்திரி நீங்க தூங்காம புரள்றது எனக்குத் தெரியாதா? கேட்டா கொசுங்கறீங்க. எனக்குக் கோவம் பெட்டி போனதுல இல்ல. இத்தன வருஷம் கூட இருந்தும் என்ன ஒரு மனுஷியா மதிச்சு ஒரு வார்த்தை சொல்லலையே, அதுலதான் வயிறு எரியுது.

— பெட்டி போச்சுன்னு யாரு சொன்னா?

— போகலையா? என் முகத்தப் பாத்து சொல்லுங்க. அங்க சுவத்துல ஒண்ணும் எழுதி வைக்கல.

— வேலை போச்சுடி. கேட்டுச்சா? வேலை போச்சு! பராமரிப்பு கான்ட்ராக்ட வேற கம்பெனிக்காரன் எடுத்துட்டான். அவனுக்கு சின்னப் பசங்கதான் வேணுமாம். எங்க நாலு பேர வரிசையா நிக்க வச்சு, ஸ்பேனர், மீட்டர், எல்லாத்தையும் நம்ம கம்பெனி திருப்பி வாங்கிக்கிச்சு. பெட்டி மட்டும்தான் என் சொந்தம்னு ஸ்டோர்ப் பையன் கையில குடுத்தான். காலிப் பெட்டி. மீசைகூட சரியா முளைக்கல, சிரிச்சுக்கிட்டே 'பூவெல்லாம் பத்திரம்ணே'ங்கறான்.

— எப்போ?

— ரெண்டு மாசம் ஆகுது.

— ரெண்டு மாசமா காலிப் பெட்டியத் தூக்கிக்கிட்டு பார்க்குக்கா போனீங்க?

— வேற எங்க போறது? பெட்டிய வீட்ல விட்டுட்டுப் போனா உனக்குத் தெரிஞ்சிடும். தூக்கிட்டுப் போனா ஊருக்கே தெரியுது. பெஞ்சுல உக்காந்தா ஒருத்தி வந்து, 'அண்ணே, எங்க வீட்டுக் குழாய் ஒழுகுது, பாக்கறீங்களா'ங்கறா. இன்னொருத்தன், 'என்ன சார், இந்த நேரத்துல இங்க, அக்கா நல்லாருக்காங்களா'ங்கறான். அந்தப் பூ என்ன தினம் தினம் காட்டிக் குடுத்துச்சுடி! ஒரு நாள் ஆத்திரம் தாங்காம ஒரு டப்பா சாம்பல் கலர் பெயிண்ட் வாங்கி...

— வாங்கி?

— பார்க்குக்குப் பின்னாடி உக்காந்து பூரா அடிச்சிட்டேன். இலை, ரோஜா, எல்லாத்து மேலயும்.

— குருவி மேலயும்.

— குருவிய கடைசியாத்தான் அடிச்சேன்.

— அப்புறம்?

— அப்புறம் அதப் பாக்கவே பிடிக்கல. பாலத்துக்கு அடியில இருக்கற இரும்புக் கடையில போட்டுட்டு வந்துட்டேன். மனசு கேக்காம மறுபடி போய்ப் பாத்தேன். யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்கன்னான். இனி எங்க தேடினாலும் கிடைக்காது. நாளைக்கு உன் நடு மேஜை காலிதான், அந்த டாக்டரம்மா முன்னாடி உன் தலையக் குனிய வச்சிட்டேன். போதுமா? திட்டு. கையில கிடைக்கறத எடுத்து அடி. ஏன் சும்மா நிக்கற?

— பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி தேய்ச்சீங்களா?

— என்னது?

— உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சீங்களான்னு கேக்கறேன்.

— ...இல்ல. அப்படியே மேல அடிச்சேன். இப்ப அதுவா முக்கியம்?

— அதுதான் முக்கியம்! வார்னிஷ் மேல தேய்க்காம அடிச்ச பெயிண்ட் எங்கயாவது பிடிக்குமா? என்கூட இத்தன வருஷம் இருந்து இதுகூடத் தெரிஞ்சுக்கல. அந்தக் கடையில தூசிக்குள்ள கிடந்த சாம்பல் பெட்டி மேல சும்மாதான் கை வச்சேன்... நான் போட்ட ஒவ்வொரு இதழும் விரல்ல தட்டுப்பட்டுச்சு. மூடியில குருவி. என்னம்மா கண்ணு கலங்குதுன்னு டாக்டரம்மா கேட்டாங்க, துருத் தூசின்னேன். பெட்டிய வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்ததும் உங்க கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். அன்னைலேர்ந்து தினம் சாப்பாடு கட்டி அனுப்பிட்டு, இன்னைக்காவது உங்க வாயால சொல்வீங்களான்னு வாசலையே பாத்துக்கிட்டிருக்கேன். கட்டிலுக்கு அடியில, போர்வைக்குள்ள இருக்கு, இழுங்க. நகத்தால சுரண்டினாலே தோல் தோலா உரிஞ்சு வருது, உள்ள பூ ஒண்ணுகூடக் கெடல. மூடிய நான் முடிச்சிட்டேன். நாலு பக்கத்தையும் உங்களுக்குன்னே விட்டு வச்சிருக்கேன். அந்த அட்டையும் அப்படியேதான் இருக்கும், ஒரு எழுத்து மாத்த மாட்டேன்... என்ன, பாத்துக்கிட்டே நிக்கறீங்க? உங்க நகம்தான் சுத்தமா இருக்கே. உக்காந்து உரிங்க.