உறைபனிக்குப் போர்த்திய பட்டு

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டு வந்தார்கள். தங்கை ஊட்டியில் வாழ்க்கைப்பட்டவள்.

“கல்யாணப் பட்டை உருளைக்கிழங்குச் செடிக்குப் போத்திட்டேன்க்கா.”

“ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“உறைபனி விழும்னு சாயங்காலமே தெரிஞ்சுபோச்சு. செடி ஒரு சாண்தான் வளந்திருக்கு, பனி பட்டா கருகிரும். சாக்கு, போர்வை எல்லாம் விரிச்சும் ஒரு பாத்தி மிச்சம். அவுக தயங்குனாக. நாந்தான் பீரோவைத் தொறந்தேன்.”

“விடிஞ்சதும்?”

“பட்டு மேல உப்புத் தூவுன மாதிரி பனி. உதறி எடுத்தா, அடியில செடி பச்சப்பசேல்னு நிக்குது.”

“சேலை?”

“சாயம் போயிட்டு. போகட்டும்.”

பஸ் மேலகரம் தாண்டியது. அக்கா சொன்னாள்:

“அடுத்த பனிக்குப் போன் போடுட்டி. என் பட்டும் சும்மாதான் கெடக்கு.”