நெல் களத்தில் ஏழு வளைவு

– பெல்ட் போட்டாச்சா? கண்ணாடியைச் சரி பண்ணினியா?

– இது லைசென்ஸ் டெஸ்ட் இல்லைங்க. ரேஸ்.

– ரேஸ்னு சொல்லாத ஷம்சாத், நெஞ்சு படபடங்குது. ஒத்தை வண்டியா கோனைச் சுத்தி ஓட்டுற ஆட்டோகிராஸ்னு சொல்லு.

– சொன்னா கொறையுமா?

– கொறையல...

– பயமா இருந்தா எறங்கிக்குங்க. பக்கத்துல ஒருத்தர் உட்காரலாம்னுதான் ரூல். உட்காரணும்னு இல்ல.

– பொண்டாட்டியைத் தனியா விட்டுட்டா? முன்னால எத்தனை வண்டி?

– ஒண்ணு. அப்புறம் நாம. இதான் கடைசி ரவுண்டு. ஒரு நிமிஷத்துக்குள்ள முடிச்சா என்ன தர்றேன்னீங்க?

– ம்...

– வாயைத் தொறந்து சொல்லுங்க.

– பொம்பளைங்க வகுப்பு முழுக்க ஒன் பொறுப்பு. நான் வண்டியில ஏற மாட்டேன்.

– ஜெய்னுலாபுதீன் டிரைவிங் ஸ்கூல் ஓனர் வாக்கு மாறக் கூடாது.

– மொதல்ல முடி. காலையில அறுபத்து மூணு செகண்டு. வளைவுக்கு வளைவு வண்டி படுத்துடுச்சே...

– அதான் புரியல. வளைவுக்கு முன்னாடியே செகண்ட் கியருக்கு வந்துட்டேன். ஆக்சிலேட்டர்ல காலை எடுத்துட்டேன். இன்ஜினே இழுத்துப் புடிக்கணும், மூக்கு அமுங்கணும், முன் டயர் தரையைக் கவ்வணும். பிரேக்கைத் தொடவே இல்ல. ஆனா செத்த மாதிரி நின்னுச்சு. ஸ்டியரிங்கை ஒடிச்சா நேராப் போவுது!

– எல்லாம் காத்து. பின் டயர்ல ரெண்டு பாயிண்டு ஏத்தச் சொன்னேனே...

– ஏத்தியாச்சு. ஸ்டெப்னி, எல் போர்டு, தேவையில்லாததை எல்லாம் எறக்கியும் வச்சாச்சு.

– அப்படிச் சொல்லு. இந்த இன்ஜின் பிரேக்கெல்லாம் நான் அப்பவே... வெண்ணாத்துப் பாலத்து எறக்கத்துல, பிரேக் இல்லாத அம்பாசிடர். மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு கியரை எறக்கி, ரோட்டுல படுத்திருந்த எருமை வால்கிட்ட நிறுத்தினேன். எருமை திரும்பிக்கூடப் பாக்கல.

– போன வாரம் அது ஆடு.

– ஆடு வேற பாலம்.

– ஸ்டார்ட் லைன்ல ஹாஜா மைதீன் கொடியைத் தூக்கிட்டாரு. புடிச்சுக்குங்க.

– யா அல்லாஹ்... மெதுவா...

– மெதுவாப் போறதுக்கா வந்தோம்?

– கோன்! கோன்!

– தெரியுது.

– அங்க நெல்லு செதறிக் கெடக்கு, வழுக்கும்! இந்த மில்லுக்காரன் களத்தைக் கூட்டவே இல்ல...

– செகண்ட் கியர்... இன்ஜின் உறுமுது, கேக்குதா? புடிக்குது பாருங்க!

– புடிக்கலையே... ஷம்சாத், புடிக்கலையே!

– என்ன புடிக்கல?

– ஒண்ணுமில்ல! நீ முன்னால பாரு!

– காலை ஏன் அப்படி உதைக்கிறீங்க?

– நரம்பு... நரம்பு இழுத்துக்கிச்சு!

– கடைசி வளைவு. மூக்கை உள்ள விட்டாச்சு... இப்ப மிதி...

– செவுரு! செவுரு!

– செவுரு அங்கேயேதான் இருக்கு. நாமதான் போறோம்.

– லா இலாஹ இல்லல்லாஹ்...

– ஏங்க? கண்ணைத் தொறங்க. முடிஞ்சுது.

– எவ்ளோ?

– ஐம்பத்தெட்டு! போர்டைப் பாருங்க!

– அல்ஹம்துலில்லாஹ்... பாத்தியா? காத்து. எல்லாம் டயர் காத்து.

– காத்து மட்டும்தானா?

– வேற என்ன?

– நீங்கதான் சொல்லணும். உங்க கால் இன்னும் எதையோ மிதிச்சுக்கிட்டே இருக்கு.

– சரி. கோவிச்சுக்காத. காலையில வண்டியை நிறுத்தினது நான்தான். வளைவு வந்தாலே, ஸ்கூல் வண்டியில சொல்லிக்குடுக்கறவனுக்குன்னு என் பக்கத்துல இருக்கற பிரேக்கை மிதிச்சுட்டேன். முப்பது வருஷம் படிக்க வர்றவங்க பக்கத்துல உட்கார்ந்த கால்... சொன்னாக் கேக்கல.

– இப்ப?

– இப்பவும் மிதிச்சேன்! ஏழு வளைவுலயும் ஏறி நின்னு மிதிச்சேன்! வண்டி நிக்கவே இல்ல புள்ள... உசுரே போயிடுச்சு. உனக்குச் சொன்னா பயந்துடுவியேன்னு வாயை மூடிக்கிட்டேன்.

– காலையில ஹாஜா மைதீன் எடுத்த வீடியோவைப் பாத்தேன். நான் தொடாத பிரேக்குக்கு வளைவுக்கு வளைவு பின் லைட்டு எரியுது. மத்தியானம் நீங்க லுஹர் தொழப் போனீங்கள்ல... தேவையில்லாததை எல்லாம் எறக்கிட்டேன்னு சொன்னேனே, உங்க பக்கத்து பிரேக் பெடல் கேபிளும் அதுல ஒண்ணு.