ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கண்

எங்கள் குடும்பப் புகைப்படம் எதிலும் யாருடைய கண்ணும் தெரியாது. சோடா புட்டிக் கண்ணாடிகளில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம்தான் தெரியும். கிட்டப்பார்வை எங்களுக்குப் பரம்பரைச் சொத்து; பங்கு பிரிப்பதில் இதுவரை ஒரு சண்டையும் வந்ததில்லை. நான் கண் மருத்துவன் ஆனதும் அதனால்தான். விசாரணைக் குழுவில் நீங்கள் மூவருமே கண்ணாடி போட்டிருப்பதால் விளக்குவது எனக்குச் சுலபம்.

கடுமையான கிட்டப்பார்வையில் விழி பின்பக்கமாக நீண்டுகொண்டே போகும். சுவர் மெலிந்து, உள்ளே விழித்திரை கிழியும். அதைத் தடுக்க, இறந்தவர்கள் தானம் கொடுத்த கண்ணின் வெண்படலத்தைப் பட்டையாக வெட்டி, விழிக்குப் பின்னால் கொடுத்துத் தைப்போம். தொப்பைக்கு பெல்ட் போடுவது மாதிரிதான். நாளடைவில் பட்டை தளர்ந்துவிடும் என்பது குறை. தளராதபடி அதை ஒரு கரைசலில் ஊறவைத்து இறுக்கும் பக்குவத்தை நான் கண்டுபிடித்தேன். என் பெருமையை நானே சொல்லக் கூடாது. ஆனால் வேறு யாரும் சொல்லவில்லை.

"எதோட ஒப்பிட்டுப் பாத்தீங்க?" என்று மாநாட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒருவர் கண்ணை இன்னொருவர் கண்ணோடு ஒப்பிட்டால் ஆயிரம் நொட்டை சொல்வார்கள். ஒரே ஆளின் இரண்டு கண்களை ஒப்பிட்டால் வாயடைத்துப் போவார்கள். கடவுள் ஆளுக்கு இரண்டு கண் கொடுத்தது எவ்வளவு வசதி.

அந்த நேரம் பார்த்து அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கட்டட வரைபடம் போடப் படித்துக்கொண்டிருந்த பெண்.

"நீ பாத்துக்கிட்டா எனக்கு வேற டாக்டரே வேண்டாம்டா தம்பி," என்றாள் அக்கா. அம்மாவும் மகளும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். சொந்தக்காரர்களிடம் இப்படிச் சில நல்ல பழக்கங்கள் உண்டு.

வலது கண்ணில் பட்டையை வைத்தேன். இடது கண்ணில் மேலே கீறி, சும்மா தைத்து மூடினேன். இரண்டிலும் தையல், இரண்டிலும் சிவப்பு, இரண்டிலும் வலி. பாரபட்சம் பார்த்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் இரண்டிலும் வைத்தாயிற்று என்றே சொன்னேன். பட்டை பலிக்குமா என்று அன்றைக்கு எனக்கே தெரியாது. தெரியாத ஒன்றை ஒரு கண்ணோடு நிறுத்திக்கொண்டது முன்ஜாக்கிரதை அல்லவா? இதை நீங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

இடது கண்தான் அவளுக்கு நல்ல கண். நல்ல கண்ணில் வைத்துப் பலித்தால், பொறாமை பிடித்தவர்கள் பட்டையையா பாராட்டுவார்கள்? ஆகவே மோசமான கண்ணில் வைத்தேன்.

அடுத்த வருடம் வந்தாள். "மாமா, இடது கண்ணுல பாத்தா ஸ்கேல் வச்சுப் போட்ட கோடுகூட வளைஞ்சு தெரியுது."

அப்போது பட்டையை வைத்திருந்தாலும் கண் பிழைத்திருக்கும். ஆனால் ஆய்வு முடியச் சில மாதங்கள் பாக்கி இருந்தன. பாதி வெந்ததை யாராவது அடுப்பிலிருந்து இறக்குவார்களா?

"போகப் போகச் சரியாயிடும்மா, கசக்காம இரு," என்றேன். சமர்த்தாகத் தலையாட்டினாள்.

வலது விழி மயிரிழைகூட நீளவில்லை. இடது விழியில் திரை கிழிந்து பார்வை போய்விட்டது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டியபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அவள் வேறொரு மருத்துவரிடம் போனாள். இடது கண்ணில் பட்டையே இல்லை என்று அவர் போட்டு உடைத்துவிட்டார்.

அக்கா என் வீட்டு வாசலில் நின்று அழுதாள். "கேட்டிருந்தா என் கண்ணக் குடுத்திருப்பேனேடா." அவளுக்கு வயதாகிவிட்டது. அந்தக் கண் ஆய்வுக்கு உதவாது என்பதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

செய்தது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ரத்த பாசமே இல்லை என்று அக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பாசம் இல்லாதவனா நான்? அவள் மகளுக்குச் செய்த அதே வாரம், அதே பக்குவத்தில் ஊறிய பட்டையை என் மகனுக்கும் வைத்தேன். அவனுக்கு இரண்டு கண்ணிலும்.