வடக்கு வாசல் கொடி

அண்ணி: அப்ப பிளேக் வந்தா ராஜாவும் சாவாரா?

தம்பி: சாவாருதான். நோய்க்கு ராஜா என்ன, சமையல்காரன் என்ன?

அண்ணி: அதை மட்டும் எடுத்துட முடியாதா? ஊருக்கு வரட்டும். ராஜாவுக்கு வேணாம்.

தம்பி: எடுக்கலாம். புரோகிராம்ல ஒரு வரியை அழிச்சாப் போச்சு. ஆனா அண்ணன் எழுதினது அண்ணி. "ராஜா சாகாத ஆட்டத்தை எவன்டா ஆடுவான்"னு என்கிட்ட எவ்வளவு சண்டை போட்டாரு...

அண்ணி: எழுதினவரு போய்ச் சேந்தாச்சு. இனிமே நாம வெச்சதுதான் சட்டம்.

தம்பி: அப்படிச் சொல்லாதீங்க அண்ணி.

அண்ணி: முகம் ஏன் இப்படிப் போகுது? சும்மா சொன்னேன். பிளேக் இருந்துட்டுப் போகட்டும். அடுத்தது என்ன?

தம்பி: இருங்க. இந்த நாற்காலி ஏன் இவ்வளவு தாழ்வா இருக்கு? அண்ணன் உயரத்துக்கு இதுல உக்காந்தா முழங்கால் தாடைல இடிக்கும்.

அண்ணி: தூசி தட்டும்போது இறங்கியிருக்கும்.

தம்பி: தூசி தட்டினா நாற்காலி இறங்குமா?

அண்ணி: வீட்டு வேலை செஞ்சு பாத்தாத் தெரியும், எதெது இறங்கும்னு. நீங்க லிஃப்ட்டை ஏத்தி இறக்குற வேலையைப் பாருங்க. அடுத்தது என்னன்னு கேட்டேன்.

தம்பி: வரைபடம். கிழக்குக் கடற்கரை பாதிதான் வரைஞ்சிருக்காரு. தீவு நாலும் வெறும் கோடா நிக்குது. அதை நான் முடிச்சிடறேன். அப்புறம் குதிரைப்படை. மழைல வேகம் குறையணும்னு எழுதி வெச்சிருக்காரு, ஆனா குறையல. சேத்துலயும் பறக்குதுங்க.

அண்ணி: ஆமா, பாலத்துக்கிட்ட...

தம்பி: பாலத்துக்கிட்ட என்ன?

அண்ணி: ஒண்ணுமில்ல. அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு, பாலத்துக்கிட்ட குதிரை பறக்குதுன்னு. கடையில வாங்கின விளையாட்டை எதுக்கு இப்படிப் பிரிச்சு மேயறீங்கன்னு உங்க ரெண்டு பேரையும் நான் எவ்வளவு திட்டியிருப்பேன்!

தம்பி: திட்டுவீங்க. அப்புறம் ரெண்டு தட்டுல சாப்பாடு கொண்டுவந்து இந்த மேசையிலேயே வெச்சிட்டுப் போவீங்க.

அண்ணி: கூப்பிட்டா வந்தாத்தானே! "இந்த ஒரு முறை ஆடிட்டு வரேன்"னு சொல்லுவாரு. சாப்பாடு ஆறிக் கல்லாப் போகும்... டீ போடட்டுமா?

தம்பி: நீங்க குடிக்கறதில்லையே.

அண்ணி: எனக்கு வேணாம். உங்களுக்கு.

தம்பி: எனக்கும் வேணாம். உக்காருங்க. முக்கியமான ஒண்ணு இருக்கு, கொடி.

அண்ணி: கொடியா?

தம்பி: அண்ணன் புதுசா கொண்டுவந்த சட்டம். கோட்டையைச் சுத்தி எதிரி முற்றுகை போட்டிருக்கான்னு வைங்க. உள்ள ராஜா செத்துட்டாரு. வெளியில நிக்கறவனுக்கு அது தெரியாது. வடக்கு வாசல் மேல இருக்கற கொடியை இறக்கினாத்தான் தெரியும்.

அண்ணி: இறக்காமலே இருந்தா?

தம்பி: இருக்கலாம். களஞ்சியத்துல தானியம் இருக்கற வரைக்கும் மறைக்கலாம். வாரிசு இருந்தா மெதுவா முடி சூட்டிக்கலாம். வாரிசு இல்லன்னா கொடி இறங்கற அன்னிக்கே நாடு கலைஞ்சுடும்.

அண்ணி: ம்...

தம்பி: இதைத் தூக்கிடலாம்னு பாக்கறேன்.

அண்ணி: ஏன்?

தம்பி: யாரு பயன்படுத்துவா? செத்த ராஜாவை உள்ள வெச்சுக்கிட்டு எவன் கோட்டையைக் காத்துக்கிட்டு உக்காந்திருப்பான்?

அண்ணி: அதை எடுக்காதீங்க.

தம்பி: அண்ணி, ஆட்டம் தெரிஞ்ச எனக்கே அது...

அண்ணி: எடுக்காதீங்கன்னு சொன்னேன்ல.

தம்பி: சரி சரி. எடுக்கல.

அண்ணி: வேற?

தம்பி: வேற அவ்வளவுதான். கடற்கரை, குதிரை, சின்னச் சின்னப் பிழை. உக்காந்து செஞ்சா முடிஞ்சிரும். அதுக்கு முன்னாடி, இருக்கற வரைக்கும் இன்னிக்கே வெளியிட்டுடுவோம். அவரு பேரைப் போட்டு. எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க.

அண்ணி: யாரு கேக்கறா?

தம்பி: உலகம் பூரா. முகம் தெரியாதவங்க. "ஆட்டத்தை மாத்தி எழுதற அந்தப் பெரிய மோட் எப்ப வரும், செய்யறவரு எங்க போனாரு"ன்னு. நான் பதில் போடல. என்னன்னு போடறது?

அண்ணி: உள்ளதைப் போட வேண்டியதுதானே.

தம்பி: போட்டிருக்கலாம்... இதோ, எல்லாம் தயாரா இருக்கு. இந்தப் பொத்தானை அழுத்தினாப் போதும். போயிடும்.

அண்ணி: அழுத்துங்க அப்ப.

தம்பி: அழுத்தறேன்... ஆனா ஒண்ணு. புதுப் பதிப்பு ஏறிச்சுன்னா பழைய பதிப்புல ஆடிக்கிட்டிருந்த ஆட்டம் எதுவும் அப்புறம் திறக்காது. பாதில நின்னது நின்னதுதான்.

அண்ணி: எந்த ஆட்டம்?

தம்பி: எதுவா இருந்தாலும். அண்ணனும் நானும் சோதனைக்குன்னு ஒண்ணு ஆடிக்கிட்டிருந்தோம்ல, அதுவும்தான். நான் என் வீட்லேருந்து ஒரு முறை, அவரு இங்கேருந்து ஒரு முறை.

அண்ணி: அதைத்தான் நீங்க அப்பவே அழிச்சாச்சுன்னு சொன்னீங்களே.

தம்பி: ஆமா ஆமா. அழிச்சாச்சு. பேச்சுக்குச் சொன்னேன்.

அண்ணி: நானும் இந்தப் பெட்டியைத் தொடறதே இல்ல. துணியைப் போத்தி வெச்சிருக்கேன், அவ்வளவுதான்.

தம்பி: அப்பப் பிரச்சினையே இல்ல. அழுத்திடலாம்.

அண்ணி: அழுத்துங்க.

தம்பி: கிழக்குக் கடற்கரையை முடிச்சிட்டே வெளியிடலாமோ?

அண்ணி: நானும் அதைத்தான் நெனச்சேன். அரைகுறையா எதுக்கு? மெதுவாச் செய்ங்க. அந்தத் தெக்குக் கிணறு எல்லாம் அப்படியே இருக்கட்டும், அதுல கை வெக்காதீங்க.

தம்பி: எந்தக் கிணறு?

அண்ணி: கோட்டைக்குள்ள இருக்கே, தெக்கு மதில் ஓரமா.

தம்பி: அண்ணி... அண்ணன் வரைஞ்ச எந்தக் கோட்டைலயும் கிணறு கிடையாது. அது ஆடறவங்க வெட்டிக்கறது.

அண்ணி: அப்ப அவரு வெட்டியிருப்பாரு.

தம்பி: அவரு ஆஸ்பத்திரில படுத்த அன்னிக்குக் கோட்டைல கிணறு இல்ல.

அண்ணி: உங்களுக்கு எப்படித் தெரியும்? அழிச்சாச்சுன்னீங்க!

தம்பி: நீங்க தொடறதே இல்லன்னீங்க!

அண்ணி: சிரிக்காதீங்க.

தம்பி: நான் எங்க சிரிச்சேன்?... அவரு போனதுக்கப்புறம் ஒரு நாள் திறந்து பாத்தேன். அவரு பக்கம் ஆடியாச்சுன்னு காட்டுச்சு. ஒரு நிமிஷம் அவருதான் ஆடறாருன்னே நெனச்சிட்டேன். அப்புறம் நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன், ஆள் வரலன்னா கம்ப்யூட்டர் அவருக்குப் பதிலா ஆடும், அவரே எழுதின சட்டம்தானேன்னு.

அண்ணி: ம்.

தம்பி: ஆனா கம்ப்யூட்டர் கிணறு வெட்டாது அண்ணி. மழைக்காலம் வந்தா சிப்பாய்ங்களை வீட்டுக்கு அனுப்பி வெக்காது. அண்ணனே அனுப்ப மாட்டாரு. எவன் முற்றுகைக்கு நடுவுல படைக்கு லீவு குடுப்பான்?

அண்ணி: அதுங்க மழைல நனைஞ்சுக்கிட்டு மதில் மேல நின்னுதுங்க... பாக்கச் சகிக்கல.

தம்பி: அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, நீங்கதான்னு.

அண்ணி: தெரிஞ்சும் ஏன் கேக்கல?

தம்பி: கேட்டா நிறுத்திடுவீங்க.

அண்ணி: கோட்டையை ஏன் பிடிக்கல? உங்க படைதான் சுத்தி நிக்குதே. ஒரே நாள் வேலை.

தம்பி: பிடிச்சா, அண்ணனோட ராஜாவை என்ன பண்றது?

அண்ணி: அப்ப முற்றுகையை எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?

தம்பி: எடுத்தா மேற்கு நாட்டுக்காரன் வந்து நுழைஞ்சிருப்பான். அவனை ஆட்டறது நிஜமாவே கம்ப்யூட்டர்தான். அதுக்கு ஈவு இரக்கம் கிடையாது. என் படை சுத்தி நின்னாத்தான் வேற எவனும் கிட்ட வர மாட்டான்.

அண்ணி: அதான் தானிய வண்டியை வேற உள்ள விட்டீங்களாக்கும்.

தம்பி: உங்களுக்குத் தெரியுமா?

அண்ணி: மொத வண்டி வந்தப்ப கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சுன்னு நெனச்சேன். திரும்பத் திரும்ப வந்தப்புறம் புரிஞ்சுது. எதிரியை முற்றுகையும் போட்டுட்டு அவனுக்குச் சோறும் போடறது உங்க வீட்டு ரத்தம்தான்.

தம்பி: நீங்களும் கேக்கலையே.

அண்ணி: மத்தியானம் கடைலேருந்து வந்தா வீடு அப்படியே நிக்கும் தம்பி. ரெண்டு ரூம்லயும் நான்தான். இதைத் திறந்தா வாசல்ல நீங்க நிப்பீங்க. ஆள் இருக்கற மாதிரி இருக்கும்... கேட்டா நீங்க நிறுத்திடுவீங்கன்னு எனக்கும் பயம்தான்.

தம்பி: நான் எங்க நிறுத்தறது? எனக்கும் வேற என்ன இருக்கு? வேலைல எவன்கிட்டயும் பேசப் பிடிக்கல. வீட்டுக்கு வந்து அந்தக் கொடி பறக்குதான்னு பாப்பேன். பறக்கும். சரி, உள்ள இருக்காருன்னு நெனச்சுக்கிட்டு ஒரு வண்டியை அனுப்பிட்டுப் படுத்துடுவேன்.

அண்ணி: தினமும் பாப்பீங்களா, கொடியை?

தம்பி: அதை மட்டும்தான் பாப்பேன். பைத்தியக்காரத்தனம்தான். தெரியுது. அதான் இந்தப் பொத்தானை அழுத்தக் கை வர மாட்டேங்குது அண்ணி. அவரு ஆசைப்பட்டது இது. வெளிய வரணும், நாலு பேரு ஆடணும்னு. ஆனா அழுத்தினா அந்தக் கோட்டை போயிடும். அங்க மட்டும்தான் அவரு இன்னும்...

அண்ணி: ஆஸ்பத்திரில அன்னிக்கு ஞாபகம் இருக்கா?

தம்பி: அதை எதுக்கு இப்ப?

அண்ணி: டாக்டர் உங்களைத் தனியாக் கூப்பிட்டாரு. வெளிய வந்து, "அண்ணன் தூங்கறாரு, வாங்க, ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்"னு என்னைக் கேன்டீனுக்குக் கூட்டிக்கிட்டுப் போனீங்க. முழு டீயும் குடிக்க வெச்சீங்க. பன் கூட வாங்கிக் குடுத்தீங்க.

தம்பி: ஒரு கால் மணி நேரமாவது நீங்க நிம்மதியா இருக்கட்டுமேன்னுதான்... என்மேல கோவமா அண்ணி?

அண்ணி: ரொம்ப நாள் இருந்துச்சு. டீ வாசனை வந்தாலே உங்க மேல எரிச்சலா வரும். இப்ப இல்ல.

தம்பி: எப்பப் போச்சு?

அண்ணி: நானும் உங்களுக்கு அதையே பண்ணப்புறம். அழுத்துங்க தம்பி, அவரு ஆசைப்பட்டது வெளிய வரட்டும். அந்தக் கோட்டைக்குள்ள அவரு இல்ல. மழை முடிஞ்சு பிளேக் வந்துச்சே, அப்பவே ராஜா போயிட்டாரு... நீங்க தினமும் வந்து பாக்கறீங்கன்னு தெரிஞ்சுதான் நான் கொடியை இறக்கவே இல்ல.