ரெண்டாவது திருகு

ஐயோ, அந்தப் பெட்டியத் தலகீழாப் புடிக்காதீங்க கிரகோரி, உள்ள கண்ணாடி வால்வு இருக்கு. ரேடியோ இல்ல லா. ரேடியோன்னா பாட்டு வரணும், பேச்சு வரணும். இதுல ஊஊன்னு ஒரே சத்தம், பல்வலிக்காரன் மொனகுற மாதிரி. ஜப்பான்காரன் ஒங்கள சோதன போட அனுப்புனான், சரி. ஆனா ரேடியோன்னு போயி நீங்க மொழிபெயர்த்தா எங்க வீட்டுக்காரர் லியோனார்டு தல போயிரும். அதனால ஒக்காந்து கேளுங்க. இந்தாங்க கோப்பி. கோப்பின்னு பேருதான், வறுத்த மரவள்ளி.

எதுக்கு இந்தப் பெட்டியா? இந்த பத்து பாகாட் ஊரு மழைக்கு இந்தப் பள்ளிக்கூடப் பியானோ சுருதியில நிக்கவே நிக்காது. முந்தி சிங்கப்பூர்லேர்ந்து ஒரு சீனர் வந்து சரிபண்ணுவாரு. சரி, சரி, இப்ப சியோனான்னுதான் சொல்லணும். அவர லாரியில ஏத்தி எங்க கொண்டுபோனாங்கன்னு நான் கேக்கல. சுருதி பாக்க ஒரு இரும்புக் கவை இருந்துச்சு. இரும்பு குடுங்கன்னு வந்தப்ப வாசல் கேட்டு, சட்டியோட அதையும் தூக்கிட்டுப் போயிட்டீங்க. வெரல் நீளக் கவை! அதுல எத்தன கப்பல் கட்டுனாங்களோ.

காதால பண்ணலாமேங்கிறீங்களா? பியானோ டீச்சர்னு பேரு, எனக்கு ஒரு காது குண்டு விழுந்தப்பவே போச்சு. நீங்க பண்றீங்களா? மாதா கோயில்ல நீங்க பாட ஆரம்பிச்சா சாமியார் பூசையச் சுருக்கிருவாரே, மறந்துட்டீங்களா?

லியோனார்டு தந்தி ஆபீஸ்ல இருந்தவரு, ஒடஞ்ச சாமான வச்சு இதச் செஞ்சாரு. பெட்டி ஒரு சுருதியப் புடிச்சுக்கிட்டு நிக்கும். பியானோக் கம்பி துளி வெலகினாலும் ரெண்டும் வவ்வவ்னு சண்ட போடும், ஒரே அடுப்படியில ரெண்டு மருமவ மாதிரி. ஆணிய முடுக்க முடுக்க சண்ட அடங்கும். அடங்குற அந்த நிமிசம், என்னமோ, ஊர்லயே சண்ட இல்லாத மாதிரி இருக்கும்.

அந்த ரெண்டாவது திருகா? சொல்றேன், கோப்பி ஆறுது பாருங்க.

ஸ்கூல ஆபீசருங்க மண்டபமாக்கிட்டீங்க. மேஜர் தெனம் சாயங்காலம் வாசிக்க வராரு. சுருதி பெசகுனா அற யாரு கன்னத்துல விழும்? போன தடவ பக்கத்துல நின்னது நீங்கதான? இந்தப் பெட்டி எனக்கில்ல, ஒங்க கன்னத்துக்குத்தான்.

கேட்டுக்கிட்டே இருக்கீங்களே, சரி. லியோனார்டு வச்சது ஒரே திருகுதான். இந்த ரெண்டாவது, மேஜர் வைக்கச் சொன்னது. இப்பல்லாம் வருவாரு, எங்கள வெளிய அனுப்புவாரு, கதவச் சாத்துவாரு. பியானோவுல ஒரு கட்ட கூட அழுந்தாது. போன வாரம் வெளிய வந்து, புள்ளைங்க விட்டுட்டுப் போன அட்லஸ விரிச்சு ஜப்பான்ல அவரு ஊரு மேல வெரல வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தாரு. ஊரு எரிஞ்சுபோச்சாம். இதே கோப்பியத்தான் குடுத்தேன். மொகம் சுளிக்காம குடிச்சாரு, ஒங்கள மாதிரி இல்ல.

அலமாக், ஐயோ, மேஜர் கார்தான் வருது. ஏன் எந்திரிச்சிட்டீங்க? வந்தது வந்தீங்க, ரிப்போர்ட்டுல யாரு தலய எழுதிக்கிட்டுப் போகணும்னு அவருகிட்டயே கேட்டுட்டுப் போங்களேன். வேணாமா? சரி, பெட்டிய மெதுவா வைங்க. அந்தத் திருகு மட்டும் அசையக் கூடாது. நேத்து லண்டன்காரன் சேதி வாசிச்சுக்கிட்டிருந்த எடத்துல அவரே வச்சுட்டுப் போனது.