அடுப்படிச் சுவரில் பத்து வார்த்தைகள்

எங்கள் வீட்டு காலிங் பெல்லில் குருவி கத்தும். போன வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அது விடாமல் கத்தியது. கதவைத் திறந்தால், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஷண்முகப்ரியா. மழைக்காகப் பள்ளியை மதியமே விட்டுவிட்டார்களாம். சொட்டச் சொட்ட, ஷூவைக்கூடக் கழற்றாமல், என்னைத் தாண்டி நேரே அடுப்படிக்குப் போனாள்.

அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தி.நகரில், உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறேன். 'அய்யாதுரை சார் இங்கிலீஷ் கிளாஸ்' என்றால் பனகல் பார்க் ஆட்டோக்காரர்கள் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். வங்கித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். என் முறை எளிது. ஒரே எழுத்துகளில் தொடங்குகிற அல்லது முடிகிற வார்த்தைகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து, எதிரே தமிழில் பொருள் எழுதிக் கொடுப்பேன். கூட்டமாக வந்தால் மனதில் நிற்கும்.

என் மனைவி சுந்தரவல்லியும் என் மாணவிதான். கோவில்பட்டிக்காரி. கணக்கில் புலி, மூன்று இலக்க எண்கள் இரண்டைச் சொன்னால் மனதிலேயே பெருக்கிவிடுவாள். தமிழ் மீடியத்தில் படித்ததால் ஆங்கிலம் மட்டும்தான் தகராறு. ப்ரியாவை எல்.கே.ஜி.யில் சேர்த்த வருடம், "நானும் பேங்க் எக்ஸாம் எழுதட்டுமாங்க?" என்று கேட்டாள். தாராளமாக எழுது என்று சொன்னவன் நான்தான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒரு தாள் எழுதி, அடுப்புக்கு மேலே டைல்ஸில் ஒட்டுவேன். தாளித்துக்கொண்டே மனப்பாடம் செய்துவிடுவாள். முதல் தடவை அரை மதிப்பெண்ணில் தவறியது. அடுத்த தடவை நிச்சயம் தேறுவாள். ஆசிரியனுக்குத் தெரியாதா?

அந்தச் சமயத்தில், கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் பாலு ஒருநாள் சொன்னான்: "சார், என் ஒய்ஃப் பாட்னாவுல பேங்க் ஆபீசரு. நான் இங்க தோசை சுட்டுக்கினு கீறேன். போன் பண்ணா, 'மீட்டிங்கு, அப்பறம் பேசு'ன்றா." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

அந்த வாரத் தாளில் இரண்டு வார்த்தைகளின் பொருளை இடம் மாற்றி எழுதினேன். பத்தில் இரண்டு மட்டும். எழுத்துகள் ஒன்றுபோல் இருப்பதால் கண்ணை உறுத்தாது. இந்த ஒரு வருடம் போதும் என்றுதான் நினைத்தேன்.

சில மாதம் கழித்து, யாரிடமோ கைடு வாங்கிப் பார்த்திருக்கிறாள். "என்னங்க, எமினென்ட்டுன்னா புகழ்பெற்றவராம். இம்மினென்ட்டுன்னாத்தான் சீக்கிரம் வரப்போறதாம். நீங்க மாத்தி எழுதியிருக்கீங்களே?"

"அப்படியா? போய்ப் பிள்ளையைக் கூட்டிட்டு வா, சேர்ந்து பார்ப்போம்" என்றேன்.

அவள் பள்ளிக்குப் போய்த் திரும்புவதற்குள், சரியான பொருளோடு வேறொரு தாள் எழுதி ஒட்டினேன். பழைய தாளின் மூலையில் எண்ணெய்க் கறை இருந்தது. புதிய தாளிலும் அதே மூலையில் விரலால் எண்ணெய் தொட்டு வைத்தேன்.

வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் கேலி செய்யவில்லை. "வெயில்ல அலைஞ்சா இப்படித்தான் வல்லி" என்று மோர் கலந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு எப்போதும் இரண்டு தாள் எழுதி வைத்துக்கொண்டேன், கறையோடு. திங்கட்கிழமை பொருள் மாறியது, வியாழக்கிழமை சரியானது.

அவளை நான் அடித்ததில்லை. ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஒவ்வொரு முறை தோற்றபோதும் மயிலாப்பூர் கோயிலுக்குக் கூட்டிப்போய், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தேற்றியதும் நான்தான்.

கேஸை அணைத்தோமா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்க்க ஆரம்பித்தாள். பூட்டிய கதவை என்னை இழுத்துப் பார்க்கச் சொல்வாள். ஒருநாள் ப்ரியாவுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள், பாதியில் நிறுத்தி என்னைக் கேட்டாள்: "ஏழெட்டு ஐம்பத்தாறுதானேங்க?"

அடையாறில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். ஞாபகத்துக்கு மாத்திரை கொடுத்தார். மாதாமாதம் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்கவைத்துக் கூட்டிப்போகிறேன். பெண்டாட்டியை இப்படிப் பார்த்துக்கொள்ள யாரால் முடியும் என்று தெருவே சொல்கிறது.

தேர்வுக்கான வயது வரம்பைத் தாண்டி இரண்டு வருடமாகிறது. இனி எந்த ஊருக்கும் அவளை யாரும் அனுப்பப்போவதில்லை. ஆனாலும் தாளை நான் நிறுத்தவில்லை. இடம் மாற்றுவதையும் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். சுவரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் அவள் என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள். அப்போது அவளுக்கு என்னைவிட்டால் யாரும் இல்லை. அந்த நிலையில் ஒருத்தியைக் கைவிட முடியுமா?

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

சுந்தரவல்லி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ப்ரியா பள்ளித் தேர்வுத்தாளை மேடையில் போட்டாள். சி, ஆர், இ, டி என்று தொடங்கும் வார்த்தைகளில் இரண்டுக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி. க்ரெடிபிள், க்ரெடுலஸ். நம்பத்தகுந்தது ஒன்று, எதையும் எளிதில் நம்பிவிடுகிற குணம் இன்னொன்று. என் தாளைப் பார்த்துப் படித்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது.

ஃப்ரிட்ஜ் மேலிருந்த அம்மாவின் போனை எடுத்தாள். திங்கட்கிழமை படிப்பதற்காக எடுத்த படத்தைத் திறந்து, சுவரில் இருந்த தாளுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"அம்மா, இங்க பாரு. இது நான் திங்கக்கிழமை எடுத்தது. இது இப்ப இருக்கிறது. ரெண்டும் ஒரே தாள் இல்லம்மா. யாரோ மாத்துறாங்க." அந்த 'யாரோ'வில் என்னைப் பார்த்தாள். "உனக்கு ஒண்ணுமே இல்லம்மா. நீ பார்த்ததெல்லாம் சரிதான்."

நான் நிலைப்படியில் நின்றேன். இப்போது சுந்தரவல்லி கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் அப்போதே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். இன்றும் அப்படித்தான் நம்புகிறேன்.

சுந்தரவல்லி போனை வாங்கிப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். பிறகு போனை மகளிடமே கொடுத்துவிட்டு, மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது ப்ரியா. அப்பாவைக் கேளு, எது சரின்னு அவரு சொல்லுவாரு."