வெற்று மாதிரி

அக்கா போய்வந்த அந்த ஜெபக் கூடத்தில் மின்விசிறிகள் நன்றாகச் சுற்றும். நாற்காலிகள் சுத்தமாக இருக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்தால் யாரும் வந்து எதுவும் விசாரிப்பதில்லை. என்னைப் போலக் கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அது பெரிய உபகாரம். நீ கிறிஸ்தவத்துக்கு எதிரியா என்று கேட்டீர்களே இன்ஸ்பெக்டர் மேடம், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

எதிரி என்றால் யார் என்று நானும் கொஞ்ச நாளாக யோசித்துப் பார்க்கிறேன். ஆலயத்தின் மேல் கல் எறிகிறவர் எதிரி. வேதாகமத்தைக் கிழிக்கிறவர் எதிரி. நான் இரண்டும் செய்ததில்லை. அக்காவின் வேதாகமத்துக்கு அட்டை போட்டுக் கொடுத்ததே நான்தான். சீடர்களின் கால்களைக் கழுவிய கதை எனக்குப் பிடிக்கும். தண்ணீர் திராட்சரசமான கதை பிடிக்காது, பரிசோதிக்க ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை என்று ஒருமுறை சொன்னேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அதையும் குடுவையில ஊத்திப் பார்ப்பியாடி விஞ்ஞானி?”

என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். இருமல் மருந்து தயாரிக்கும் ஆலையில் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். விஞ்ஞானி என்பதெல்லாம் அதிகம்.

அக்காவுக்குப் பதினோரு வயதிலிருந்து வலிப்பு. அத்தான் இரண்டு வருடம் பொறுத்தார். பிறகு, சொல்லாமல் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அதற்குள் அம்மாவும் அப்பாவும் போய்விட்டிருந்தார்கள். இரண்டு அறை மாடி வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடை தைத்தாள். கீழ்வீட்டு அம்மாதான் அவளை ஜெபக் கூடத்துக்கு அழைத்துப்போனது. போகட்டும் என்று விட்டேன். பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்ததில் முகம் தெளிந்திருந்தது.

ஞானஸ்நானம் எடுத்த வாரம் மாத்திரைகளைக் குப்பையில் போட்டாள். போதகர் போடச் சொல்லவில்லை. அவளாகவே செய்தாள்.

“கையைப் பிடிச்சு வழி காட்டுறவர்கிட்ட அடையாள அட்டை கேக்கலாமாடி? நம்பினா முழுசா நம்பணும்.”

நான்காம் நாள் தெருவில் விழுந்தாள். முன்பல் பாதி உடைந்தது. அப்போதும் மாத்திரை வேண்டாம் என்றாள். நான் சண்டை போடவில்லை. எனக்குச் சண்டை போட வராது. டாக்டரைப் பார்த்து அதே மருந்தைத் திரவமாக எழுதி வாங்கி, காலையும் மாலையும் அவளுடைய காபியில் கலந்து கொடுத்தேன். கசப்பை எப்படி மறைப்பது என்பது எங்கள் ஆலையின் அன்றாட வேலை.

பதினான்கு மாதம் வலிப்பு வரவில்லை.

பதினான்கு மாதமும் நான் எங்கேயும் போகவில்லை. ஆலையில் இரவுப் பணி வேண்டாம் என்றதால் பதவி உயர்வு போயிற்று. உடன் படித்தவள் கல்யாணத்துக்குக்கூட வெளியூர் போகவில்லை. குறையாகச் சொல்லவில்லை. சோர்வாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சாட்சி சொன்னாள். ஆண்டவர் தனக்குச் செய்ததை எல்லார் முன்னாலும் எழுந்து சொல்வது அவர்கள் வழக்கம். நீ கட்டாயம் வரணும் என்று என் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். வழக்கம்போலக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

“பதினாலு மாசமாச்சு. ஒரு தடவைகூட வரல. ஒரு மாத்திரைகூட நான் வாங்கல. கர்த்தர் என்னைக் கைவிடல” என்றாள். எல்லாரும் ஆமென் என்றார்கள். கீழ்வீட்டு அம்மா அழுதார். அக்கா மேடையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. அது தவறான முடிவு, அவ்வளவுதான். எங்கள் வேலையில் தவறான முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டால் சரக்கு வெளியே போய்விடும். அதனால் ஒவ்வொரு பரிசோதனையின்போதும் மருந்தே சேர்க்காத ஒரு குடுவையைப் பக்கத்தில் வைப்போம். அதற்கு வெற்று மாதிரி என்று பெயர். அது இல்லாமல் எதையும் நிரூபித்ததாகச் சொல்ல முடியாது.

மறுநாள் காலை அக்காவுக்கு வெறும் காபி கொடுத்தேன்.

இந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. பாட்டிலிலேயே அச்சடித்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் எதனால் எது நடந்தது என்பது தெளிவாகத் தெரியாது. அதனால் சட்டென்று நிறுத்தினேன்.

ஒன்பதாம் நாள் தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே உறைந்துபோனாள். மெஷின் ஓடியது, துணி சுருண்டது. ஐந்தாறு நொடி. பிறகு, “என்னடி அப்படிப் பாக்குற?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன். தேதியைக் குறித்துக்கொண்டேன். ஒரு அளவீட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆலையில் மூன்று எடுப்போம்.

பன்னிரண்டாம் நாள் சமையலறையில் விழுந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தெளிந்ததும் வாயைத் துடைத்துவிட்டேன். மருந்து பாட்டில் என் கைக்கு எட்டும் அலமாரியில்தான் இருந்தது.

“இது ஒண்ணுமில்லடி. நீ பயந்துடாத. நீ மனசை விட்டுடாத” என்றாள்.

விழுந்தவள் எனக்கு ஏன் தைரியம் சொல்கிறாள் என்று புரியவில்லை. “ஜெபம் பண்ணுக்கா” என்றேன். வேண்டுமென்றே சொன்னேன். ஆனால் அவள் முகம் மலர்ந்துவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் வாயில் இருந்த ரத்தம் என் தோளில் பட்டது.

மூன்றாவது பதினேழாம் நாள். அது உங்கள் கோப்பில் இருக்கிறது. குளியலறை, நிரம்பிய வாளி, முகம் தண்ணீருக்குள். விபத்து என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினீர்கள். தேநீரும் வாங்கிக் கொடுத்தீர்கள்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் போதகர் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லத்தான் வந்தார்.

“அவங்களுக்குத் தெரியும்மா” என்றார்.

“என்ன ஐயா?”

“நீங்க காபியில மருந்து கலக்குறது. ஆரம்பத்திலேயே எங்கிட்ட சொல்லிட்டாங்க. காபி வேப்பங்காயாக் கசக்குது, அவ மறைச்சுட்டதா நினைச்சுக்கிட்டிருக்கா, நானும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிக்கிறேன்னு சொல்லிச் சிரிச்சாங்க. குடிம்மா, அதுவும் கர்த்தர் கொடுக்கிறதுதான்னு சொன்னேன். சாட்சியில தங்கச்சி பேரையும் சொல்லுன்னேன். ஐயோ வேணாம், எல்லார் முன்னாடியும் சொன்னா எழுந்து ஓடிடுவான்னாங்க.”

நான் அவருக்குத் தண்ணீர் எடுத்து வந்தேன்.

“போன மாசம் ஓடி வந்தாங்க. கண்ணெல்லாம் தண்ணி. காபி இப்பக் கசக்கல ஐயா, என் தங்கச்சி விசுவாசிக்க ஆரம்பிச்சுட்டா, நான் குணமாயிட்டேன்னு அவளே நம்பி நிறுத்திட்டான்னாங்க. அவ்வளவு சந்தோஷமா நான் அவங்களைப் பார்த்ததே இல்ல. டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்தினாங்களான்னு கேட்டேன். அவளுக்குத் தெரியாததா, அவ விஞ்ஞானியாச்சேன்னாங்க.”

டாக்டரைக் கேட்டாயா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. என் தலையில் கை வைத்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். நான் எதற்காக நிறுத்தினேன் என்று அவருக்கு இன்னமும் தெரியாது.

ஆக, என் பரிசோதனையும் செல்லாது. குடிக்கிறவருக்கு எதைக் குடிக்கிறோம் என்று தெரிந்திருந்தால் முடிவை ஏற்க முடியாது. சமையலறையில் விழுந்த பிறகும் அவள் வாயைத் திறக்காததற்குக் காரணம் என் புது நம்பிக்கை உடைந்துவிடக் கூடாது என்பதுதான். அதை என்னால் பரிசோதனைப் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் எழுத முடியவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எதிரி என்று எழுத வேண்டாம். மூன்றாவது அளவீடு கிடைத்ததும் எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லி மருந்தை மறுபடி தொடங்குவதாகத்தான் இருந்தேன். பதினாலு மாசமும் நான்தான்க்கா, என்று சொல்ல வேண்டும். பேருந்தில் போகும்போது அந்த வாக்கியத்தைப் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவள் என்ன பதில் சொல்வாள் என்பதையும்.

முதல் வாக்குமூலத்தில் ஒன்றைத் திருத்த வேண்டும். குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது, திறக்க நேரமாயிற்று என்று சொல்லியிருந்தேன். தாழிடவில்லை. சாத்தி மட்டும்தான் இருந்தது. சத்தம் கேட்டு வந்து, கதவுக்கு வெளியே நான்கு நிமிடம் நின்றேன். அவள் யாரைக் கூப்பிடுகிறாள் என்று கேட்பதற்காக நின்றேன்.

வலிப்பில் இருப்பவரால் யாரையும் கூப்பிட முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் என்னைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன்.